கோழிப் பண்ணையும் சிந்தனைக் குழாமும்

எருமப்பட்டியில் எந்தச் சாலையில் நடந்தாலும் சிறிது தொலைவுக்குள் ஒரு கோழிக் கொட்டகை வந்துவிடும். ஒரு புறம் கொல்லிமலை நீலமாகத் தெரியும். மறுபுறம் சின்ன வெங்காயமும் நிலக்கடலையும் விளையும் தோட்டங்கள். நடுவே நீண்ட கூரைகள். அவற்றின்கீழ்க் கம்பிக் கூண்டுகளில் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள். கோழி வளர்ப்புக்கும் உலக நாடுகளின் பொருளாதாரக் கொள்கைக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு என்று சொன்னால் வாசகர்கள் நம்பத் தயங்குவர். ஆயினும் அது உண்மை. அந்தத் தொடர்பை ஆராயும்படி என்னைத் தூண்டியவன் எங்கள் தெருவில் உள்ள ஒரு பிளஸ் டூ மாணவன்.

பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு கேட்டு வந்தான். தலைப்பு, 'தொழிலை நடத்த வேண்டியது அரசா, தனியாரா?' என்பது. கையில் நகல் எடுத்த சில தாள்கள் இருந்தன. ஏதோ ஒரு கொள்கை ஆய்வு நிலையத்தின் வெளியீடு. அரசு விலகி நின்றால் எல்லாத் தொழிலும் செழிக்கும் என்பதே அதன் சாரம். அவன் தந்தைக்கும் ஒரு சிறு கோழிப் பண்ணை உண்டு.

"இதை அப்படியே பேசிடலாமுங்களா?" என்றான்.

"இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி நிலையம்னு போட்டிருக்குதுங்களே, அப்புறம் தப்பா இருக்குமுங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. ஆராய்ச்சி என்ற பெயரைத் தாங்கிய எல்லாம் ஆராய்ச்சியாகிவிடுமா? பொதுக் கொள்கையை ஆராயும் நிலையங்கள் எவ்வாறு தோன்றின, அவை சொன்னவற்றுள் எவை பலித்தன, எவை பலிக்கவில்லை, அவற்றின் செல்வாக்கு எவ்வளவு என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

கோழி வளர்த்த கொள்கை

இங்கிலாந்தில் ஆன்டனி ஃபிஷர் என்றொருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியவர். 1945இல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் பொருளாதார அறிஞர் ஹாயெக் எழுதிய நூலொன்றின் சுருக்கத்தைப் படித்தார். அரசு பொருளாதாரத்தைத் திட்டமிட்டு நடத்தத் தொடங்கினால் மக்கள் படிப்படியாக அடிமை நிலைக்கே செல்வர் என்பது அந்நூலின் வாதம். அதில் மனத்தைப் பறிகொடுத்த ஃபிஷர், ஹாயெக்கை நேரிலேயே சென்று கண்டார்; அரசியலில் இறங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் ஹாயெக். அரசியல்வாதிகள் காற்றடிக்கும் திசையில் செல்பவர்கள். காற்றின் திசையை மாற்ற வேண்டுமானால் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், இதழாசிரியர்கள் ஆகியோரின் கருத்தை மாற்ற வேண்டும். அதற்கு ஓர் ஆய்வு நிலையம் வேண்டும் என்பதே அவர் அறிவுரையின் பொருள்.

ஆய்வு நிலையத்துக்குப் பணம் வேண்டுமே! ஃபிஷர் அமெரிக்காவுக்குச் சென்றபோது கறிக்கோழிகளைக் கொட்டகையில் ஆயிரக்கணக்கில் வளர்க்கும் முறையைக் கண்டார். ஊர் திரும்பி அதே முறையில் 'பக்ஸ்டட்' என்ற பெயரில் கோழித் தொழிலைத் தொடங்கினார். செல்வம் குவிந்தது. அந்தச் செல்வத்தின் துணையோடு 1955இல் இலண்டனில் பொருளாதார விவகார நிலையத்தை நிறுவினார். ரால்ஃப் ஹாரிஸ், ஆர்தர் செல்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதை நடத்தினர். கல்லூரி மாணவர்களும் செய்தியாளர்களும் படிக்கத் தக்க சிறு நூல்களை ஆண்டுதோறும் வெளியிட்டனர். 1979இல் மார்கரெட் தாட்சர் இங்கிலாந்தின் பிரதமரானபோது அவர் கையாண்ட கொள்கைகளில் பல, அச்சிறு நூல்களில் ஏற்கெனவே அச்சாகியிருந்தவை. ஃபிஷர் அத்துடன் நிற்கவில்லை. 1981இல் அமெரிக்காவில் 'அட்லஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். உலகின் பல நாடுகளில் இத்தகைய நிலையங்களை முளைக்கச் செய்வதே அதன் வேலை. முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில் அவருக்குப் பழக்கமானதுதானே!

இத்தகைய நிலையங்களைச் சிந்தனைக் குழாம்கள் என்று அழைப்பர். பல்கலைக்கழகத்தில் நடப்பது போன்ற ஆராய்ச்சி இங்கும் நடைபெறலாம். ஆனால் நோக்கம் வேறு. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு கேள்வியுடன் தொடங்குகிறார். விடை எதுவாகவும் இருக்கலாம். கொள்கைப் பற்றுள்ள சிந்தனைக் குழாமோ பெரும்பாலும் விடையுடன் தொடங்குகிறது; அதற்கு வலுவூட்டும் சான்றுகளைத் தேடுகிறது. இது குற்றம் அன்று. வழக்கறிஞரும் அப்படித்தான் செய்கிறார். ஆனால் வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதியின் தீர்ப்பு என்று நாம் எண்ணிவிடலாகாது.

பம்பாயில் பிறந்த மன்றம்

இலண்டன் நிலையம் தோன்றிய மறு ஆண்டிலேயே, 1956இல், நம் நாட்டிலும் இத்தகைய அமைப்பு ஒன்று பிறந்தது. பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் என்ற தொழில்துறைத் தலைவர் நிறுவிய 'ஃபோரம் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்', அதாவது சுதந்திரத் தொழில் முயற்சி மன்றம், அது.

ஷ்ராஃப் சாதாரண மனிதர் அல்லர். 1944இல் உலக நாணய ஏற்பாடுகளை வகுத்த பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்றவர். அதே ஆண்டில் வெளியான பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்ட எண்மருள் ஒருவர். ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா முதலிய பெருமுதலாளிகள் சேர்ந்து வரைந்த அத்திட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு வேண்டும் என்றது. பொருளாதாரத்தில் அரசின் பங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்டவர் பன்னிரண்டே ஆண்டுகளில் அரசின் தலையீட்டை எதிர்க்கும் மன்றத்தைத் தொடங்கியது ஏன்?

1956ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைப் பார்த்தால் காரணம் புலப்படும். ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களுமாக 245 அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் முதல் நாள் எல்.ஐ.சி. தோன்றியது. ஷ்ராஃப் தலைமை வகித்த காப்பீட்டு நிறுவனத்தின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவும் அதில் அடக்கம். ஏப்ரலில் வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம், முக்கியத் தொழில்கள் பலவற்றை அரசுக்கே ஒதுக்கியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் அவ்வாண்டே தொடங்கிற்று. இவற்றுக்கு மறுமொழியாகவே மன்றம் எழுந்தது.

மன்றம் செய்த வேலை என்ன? எம்.ஆர். பை என்பவர் செயலாளராக இருந்து பல்லாண்டுகள் அதனை நடத்தினார். குறைந்த விலையில் சிறு நூல்கள், கூட்டங்கள், மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிகள் என்று அது இயங்கியது. தொழில் நடத்துவோருக்கு நடத்தை நெறி ஒன்றையும் வகுத்துத் தந்தது. சட்ட மேதை நானி பல்கிவாலா ஆண்டுதோறும் மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தை விளக்கிப் பேசிய பேச்சுகள் அதன் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சியாயின. 1958இல் ஓர் ஓட்டல் கூடத்தில் தொடங்கிய அப்பேச்சு, கூட்டம் பெருகப் பெருகப் பிரபோர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கே சென்றுவிட்டது. 1994 வரை தொடர்ந்தது. வரிச் சட்டத்தைப் பற்றிய பேச்சைக் கேட்க ஒரு மைதானம் நிரம்பியது என்பது வியப்புக்குரியது. கடினமான பொருளையும் எளிமையாகச் சொன்னால் மக்கள் கேட்பர் என்பதற்கு அதுவே சான்று. அறிவியல் எழுதுகிற நாமும் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

சேலத்தில் நடந்த சோதனை

பம்பாய் மன்றம் தன்னைக் கட்சி சாராதது என்று அறிவித்துக்கொண்டது. ஆனால் அதன் கருத்துகளோடு பெரிதும் ஒத்த கட்சி ஒன்று விரைவில் தோன்றியது. 1959இல் இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியே அது. மினூ மசானி, என்.ஜி. ரங்கா ஆகியோர் உடனிருந்தனர். எதற்கெடுத்தாலும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய நிலையை 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்று இராஜாஜி கேலி செய்தார். அச்சொற்றொடர் நாடெங்கும் பரவியது.

இராஜாஜி நம் பகுதிக்கு அயலார் அல்லர். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்தவர். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. எருமப்பட்டியும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஒரே ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்த்துப் பின்னர் வேறு மாவட்டங்களுக்கு விரிவாக்கிய முறை, அறிவியலார் மெச்சத் தக்க முறை. மதுவால் வந்த வருவாய் குறைந்ததை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைப் பொதுவாக விதித்த முதல் மாகாணமும் சென்னைதான்.

இங்கே ஒரு முரண் தென்படுகிறது. கள்ளுக்கடையை மூடவும், கடைக்காரரிடம் வரி வாங்கவும் அரசின் கையைப் பயன்படுத்தியவரே, பின்னாளில் அரசின் கை நீளுகிறது என்று எச்சரித்தார். 1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, முதுமையையும் பொருட்படுத்தாமல் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். தொழிலில் அரசு தலையிடலாகாது, ஒழுக்கத்தில் தலையிடலாம் என்பதே அவர் நிலை. பழமைப் பற்றும் சந்தைப் பற்றும் இவ்வாறு ஒரே வண்டியில் பூட்டப்படுவது உலகெங்கும் காணும் காட்சி. இரண்டும் ஒரே கொள்கையல்ல என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அவர் கண்ட வெற்றியையும் சொல்ல வேண்டும். 1952 ஜூனில் முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டை அவர் துணிந்து நீக்கினார். பலர் அஞ்சியவாறு பட்டினி பரவவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். சாதித் தொழிலையே பிள்ளையின் தலையில் கட்டும் திட்டம் என்று கிளர்ச்சி எழுந்தது. 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். பொருளை விரும்பிய இடத்தில் விற்கும் உரிமையைப் போற்றியவருக்கு, தந்தையின் தொழிலிலிருந்து விலகும் உரிமை ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு அருமையானது என்பது தென்படவில்லை. சுதந்திரம் என்ற சொல்லை ஒருவர் கையாளும்போது, அது யாருடைய சுதந்திரம் என்று கேட்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

பலித்தவையும் பலிக்காதவையும்

ஒரு கோட்பாட்டை அறிவியல் எப்படிச் சோதிக்கிறது? அது முன்கூட்டிச் சொன்னது நிகழ்ந்ததா என்று பார்க்கிறது. சந்தைக் கொள்கையாளரையும் அதே உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதினார். பற்றாக்குறை நிதியைக் கொண்டு இவ்வளவு பெரிய திட்டத்தை நடத்தினால் விலைவாசி ஏறும், அன்னியச் செலாவணி தட்டுப்படும் என்றார். 1957இலேயே அன்னியச் செலாவணி நெருக்கடி வந்துவிட்டது. இது பலித்த முன்னறிவிப்பு. தொழில் உரிம முறை திறமையை வளர்க்காது, செல்வாக்குள்ளவரையே வளர்க்கும் என்ற மன்றத்தின் குற்றச்சாட்டும் பெரும்பாலும் மெய்யாயிற்று. ஒரு ஸ்கூட்டருக்கும் ஒரு தொலைபேசி இணைப்புக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்றும் நம்மிடையே உள்ளது.

ஆனால், திட்டமிடும் அரசு முடிவில் மக்களை அடிமைப்படுத்தும் என்ற ஹாயெக்கின் பெரிய முன்னறிவிப்பு? 1945க்குப் பின் இங்கிலாந்து நிலக்கரியையும் இரயில்வேயையும் அரசுடைமையாக்கியது. தேர்தல்கள் தொடர்ந்து நடந்தன. இந்தியாவில் 1975இல் நெருக்கடி நிலை வந்தது உண்மை. அதனை 1977இல் வாக்குச்சீட்டால் முடித்து வைத்ததும் அதே இந்தியாவின் மக்களே. ஆதலின் அந்த முன்னறிவிப்பு பலிக்கவில்லை.

காப்பீட்டுத் தொழிலின் கதை இன்னும் படிப்பினை தருவது. 1955இல் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பணத்தை அதன் முதலாளியான டால்மியா எப்படிக் கையாடினார் என்பதை அம்பலப்படுத்தினார். காப்பீடு அரசுடைமையாவதற்கு அது ஓர் உடனடிக் காரணம். 1957இலோ, அரசின் எல்.ஐ.சி. முந்திரா என்பவரின் நிறுவனங்களில் ஏறக்குறைய 1.25 கோடி ரூபாயை முறையின்றி முதலீடு செய்ததை நாடாளுமன்றத்தில் வெளிப்படுத்தியவரும் அதே பெரோஸ் காந்திதான். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. தனியார் கையில் இருந்தபோதும் மோசடி. அரசின் கைக்கு வந்தபோதும் மோசடி. இரண்டையும் பிடித்தது உடைமையின் வகையன்று. கணக்கைக் கேட்கும் ஒரு கண். மன்றத்தின் வாதத்திலும் அதன் எதிரிகளின் வாதத்திலும் இந்தக் கண்ணுக்குப் போதிய இடம் தரப்படவில்லை என்பதே என் முதல் குறை.

செல்வாக்கை அளப்பது எப்படி?

1991இல் நாட்டின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு இறங்கியது. ஏறக்குறைய 47 டன் தங்கம் வெளிநாட்டில் அடகு வைக்கப்பட்டது. ஜூலை 24ஆம் நாள், தொழில் உரிம முறை 18 தொழில்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. மன்றம் 35 ஆண்டுகளாகக் கேட்டுவந்தது ஒரே நாளில் நடந்தது. அப்படியானால் அது மன்றத்தின் வெற்றியா?

சேவல் கூவியபின் பொழுது விடிகிறது. அதனால் சேவல்தான் பொழுதை விடியச் செய்தது என்று எருமப்பட்டியில் யாரும் சொல்வதில்லை. 1991இன் மாற்றத்தைச் செய்தவர்கள் நரசிம்மராவும் மன்மோகன் சிங்கும். சுதந்திராக் கட்சியினர் அல்லர். அக்கட்சி 1967இல் மக்களவையில் 44 இடங்கள் பெற்று உச்சத்தைத் தொட்டு, 1974இல் வேறு கட்சியில் கரைந்துபோயிற்று. பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனை, அரசுக்குள்ளேயே நடந்த ஆய்வுகள், சோவியத் நாட்டின் சரிவு எனப் பல காரணங்கள் ஒன்றுகூடின. மன்றம் தயாரித்து வைத்த நாற்றங்காலும் அவற்றுள் ஒன்று எனலாம். மழை பெய்தபோது நடுவதற்கு நாற்று இருந்தது. ஆனால் மழையைக் கொண்டுவந்தது நாற்றங்கால் அன்று. நாற்றங்காலும் அது ஒன்று மட்டும் அன்று.

எதிர்ச் சான்றுகளையும் கருத வேண்டும். 1967இல் தமிழகத்தில் தி.மு.க.வுடன் கூட்டணி சேர்ந்து சுதந்திராக் கட்சி சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பெற்றது. வென்ற கூட்டணியின் அரசோ ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பேருந்துகளை அரசுடைமையாக்கியது. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமையாயின. சிறு நூல்கள் அதைத் தடுக்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் பல்கிவாலா வாதாடி 1970இல் அச்சட்டத்தை வீழ்த்தினார். அரசு உடனே புதிய சட்டம் கொண்டுவந்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற தீர்ப்பு அவரது வாதத்தின் பயனாக வந்தது. மன்றத்தின் மேடையில் பேசிய மனிதரின் நிலையான செல்வாக்கு, மன்றத்துக்கு வெளியே நீதிமன்றத்தில் பதிந்திருக்கிறது.

சிந்தனைக் குழாம்கள் தம் செல்வாக்கைத் தாமே அளந்து சொல்வதும் உண்டு. அமெரிக்காவில் 1973இல் தோன்றிய 'ஹெரிடேஜ்' நிறுவனம், ரீகன் பதவியேற்ற வேளையில் ஏறக்குறைய 2,000 பரிந்துரைகள் கொண்ட பெருந்தொகுதியை வெளியிட்டது. முதல் ஆண்டிலேயே அவற்றில் 60 விழுக்காடு நிறைவேற்றப்பட்டன அல்லது தொடங்கப்பட்டன என்று அந்நிறுவனமே கூறியது. அப்பரிந்துரைகள் இல்லாவிடினும் ரீகன் அவற்றைச் செய்திருப்பாரா? அதற்கு விடை தெரியாமல் அந்த விழுக்காட்டுக்குப் பொருளில்லை. மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்புதானே மருந்தின் ஆற்றலை நாம் ஏற்கிறோம்!

முட்டை சொல்லும் சேதி

இனி எருமப்பட்டிக்குத் திரும்புவோம். நாமக்கல் வட்டாரத்தின் முட்டை யாருடைய சாதனை? தனியார் முயற்சியின் சாதனை என்பார் மன்றத்தார். அதில் பெரும் உண்மை உண்டு. நிலத்தை அடகு வைத்துக் கொட்டகை போட்டவர் உழவர். குஞ்சைத் தந்தது தனியார் பொரிப்பகம். எந்த ஐந்தாண்டுத் திட்டமும் நாமக்கல்லை முட்டை நகரமாக ஆக்கு என்று எழுதி வைக்கவில்லை.

ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஆங்கிலத்தில் ராணிக்கெட் நோய் என்பது பெயர். இமயமலைப் பகுதியில் உள்ள ஊர் ஒன்றின் பெயர் அது. அதற்கு நம் நாட்டில் தடுப்பூசி கண்டவர்கள் முக்தேசுவரத்தில் இருந்த அரசுக் கால்நடை ஆய்வு நிலையத்தின் அறிவியலாளர்கள். நாமக்கல்லில் 1985இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி அரசின் கல்லூரி. தடுப்பூசி போன்ற அறிவு ஒரு பண்ணையில் பயன்பட்டால் அடுத்த பண்ணைக்கும் பாதுகாப்பு. அதன் பலன் முழுவதையும் கண்டவரே காசாக்கிக்கொள்ள முடியாது. ஆதலின் சந்தை அதற்குப் போதிய பணம் போடுவதில்லை. பொதுப் பணம் வேண்டியிருக்கிறது.

விலையின் கதையும் அப்படியே. வணிகர் கேட்ட விலைக்கு விற்று நொந்த பண்ணையாளர்கள் 1982இல் பி.வி. ராவ் என்பவரின் முன்முயற்சியில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவாகக் கூடினர். விலையைத் தாமே அறிவிக்கத் தொடங்கினர். இது அரசும் அன்று. பாடநூலில் வரும் தடையற்ற சந்தையும் அன்று. உழவர்கள் கைகோத்து நின்ற கூட்டு முயற்சி. அதே 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் அதில் முட்டை சேர்ந்தது. 2010இல் பள்ளி வாரத்தின் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. பம்பாயில் மன்றம் பிறந்த 1956ஆம் ஆண்டில்தான் காமராஜரின் மதிய உணவுத் திட்டமும் பிறந்தது என்பது ஒரு தற்செயல். ஆனால் பொருள் பொதிந்த தற்செயல். அரசின் பணத்தில் ஏழைப் பிள்ளைக்குச் சோறு போடுவது வீண் என்று எண்ணியோர் அன்றும் உண்டு. இன்று அந்தச் சோற்றுத் தட்டே எங்கள் பண்ணைகளுக்கு ஓர் உறுதியான சந்தை.

சந்தைக் கணக்கில் ஏறாத செலவும் ஒன்று உண்டு. கோழி விரைவில் எடை கூடுவதற்காகக் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தீவனத்தில் கலந்துவந்தனர். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் தாக்கும்போது மனிதருக்குக் கொடுக்கும் கடைசி மருந்துகளுள் அது ஒன்று. கோழியின் குடலில் அதற்குப் பழகிய கிருமி, நாளை மருத்துவமனையில் ஒரு மனிதரின் உடலில் அதே மருந்தை எதிர்த்து நிற்கலாம். அந்த இழப்பு கோழியின் விலையில் சேர்வதில்லை. 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடை, கோழி வளர்ப்பில் அதனைத் தடை செய்தது. எந்தப் பண்ணையும் தனியாக அதைக் கைவிட்டிருக்க முடியாது. கைவிட்டவர் போட்டியில் பின்தங்குவார். விதி எல்லாருக்கும் பொதுவாக வந்தபோதுதான் எல்லாரும் கைவிட வழி பிறந்தது. அரசின் தலையீட்டை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்க்கும் வெளியீடுகள் பெரும்பாலும் இவ்வகைச் செலவைத் தொடுவதில்லை. இஃது என் இரண்டாவது குறை.

பணம் யாருடையது?

அறிவியலையே வழக்காடு மன்றமாக்கிய சிந்தனைக் குழாமும் உண்டு. அமெரிக்காவில் 1984இல் பெயர் பெற்ற மூன்று இயற்பியலாளர்கள் ஜார்ஜ் மார்ஷல் நிலையத்தைத் தொடங்கினர். ரீகனின் விண்வெளிப் போர்த் திட்டத்தை ஆதரிப்பது அதன் முதல் வேலை. 1989இல் புவி வெப்பமாதலுக்குச் சூரியனின் மாற்றமே பெருங்காரணம் என்ற போக்கில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிற அறிவியலாளரின் அளவீடுகள் அதற்கு நேர்மாறாக இருந்தன. அந்த மூவருள் ஒருவரான ஃபிரெடெரிக் சைட்ஸ், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன்னாள் தலைவர். ஒரு சிகரெட் நிறுவனத்துக்கும் ஆலோசகராக இருந்தவர். பட்டமும் பதவியும் ஒருவரது வாதத்துக்குச் சான்றாகிவிடா என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். 2015இல் அந்நிலையம் மூடப்பட்டது. அது விதைத்த ஐயங்கள் மூடப்படவில்லை.

இலண்டன் நிலையமும் இதற்கு விலக்கன்று. 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புகையிலை எதிர்ப்பைக் குறை கூறித் தத்துவ அறிஞர் ரோஜர் ஸ்க்ரூடன் எழுதிய நூலை அது வெளியிட்டது. அவர் ஒரு புகையிலை நிறுவனத்திடம் மாதந்தோறும் பணம் பெற்றுவந்தவர் என்பது 2002இல் வெளியாயிற்று. பணம் பெற்றதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. ஆனால் படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தராசைச் சோதிக்க வருபவர் கடைக்காரரின் மைத்துனர் என்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. பம்பாய் மன்றத்தைப் பொறுத்தவரை, அதன் தலைவர்கள் பெரிய தொழில் நிறுவனங்களின் இயக்குநர்கள் என்பது ஒளிவுமறைவின்றி எல்லாரும் அறிந்த செய்தி. அந்த அளவில் அதன் நேர்மை பாராட்டத் தக்கது. பின்வந்த நிலையங்கள் எல்லாம் அத்தகையவை என்று சொல்வதற்கில்லை. வலதுசாரி நிலையங்களுக்கு மட்டுமன்றி, இடதுசாரி நிலையங்களுக்கும் அரசின் சொந்த ஆய்வு நிலையங்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

இவ்வளவையும் அந்த மாணவனிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படீன்னா நான் எந்தப் பக்கம் பேசறதுங்க?" என்றான்.

"நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசு. இந்தத் தாள்களில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, இதை யார் சொல்கிறார், எந்தச் சான்று கிடைத்தால் இவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வார், இவர் கணக்கில் விடுபட்ட செலவு யாருடைய தலையில் விழுகிறது என்று எழுதிப் பார். விடை கிடைத்த வாக்கியங்களை மட்டும் பேசு" என்றேன்.

மறுநாள் மாலை வந்தான். பத்துப் பக்கத்தில் மூன்று பக்கம் தேறியிருந்தது. அதற்கும் மேலாக, தந்தையின் பண்ணைக் கணக்கேட்டைப் பார்த்து அவனாகவே ஒரு பக்கம் எழுதியிருந்தான். தீவனத்துக்குத் தனியார் வணிகரிடம் எவ்வளவு, தடுப்பூசிக்கு எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, விற்ற முட்டையில் பள்ளிக்கூடங்களுக்குப் போனது எவ்வளவு என்று பட்டியலிட்டிருந்தான். அந்த நான்காவது பக்கம் எந்தச் சிந்தனைக் குழாமும் அவனுக்குத் தந்திருக்க முடியாத ஆராய்ச்சி.